பேய்க்கு முகவரி கிடையாது: சிரிப்புக் கதை ஒன்று தெருவில் இறங்கிய நிகழ்வு

பதிவுக்கு முன்

தென் மாவட்டம் ஒன்றில், தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்து ஊர்ப்புற நூலகத்தில் இது நடந்தது. ஆடியில் தொடங்கி, தை பிறப்பதற்குள் ஒருவாறு அடங்கியது. நான் அந்த நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பவள். ஆசிரியை அல்ல, தையல் வேலை செய்கிறேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் 'டீச்சர்'தான். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பேச்சை எழுத்து நடையில் தந்திருக்கிறேன். குழந்தைகளுக்குச் சிரிப்புப் பேய்க் கதை எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் வாசித்துக் காட்டுபவர்களும் நான் செய்த இரண்டு தவறுகளையாவது தவிர்த்துக்கொள்ளலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பின்னணி

நூலகம் ஒரே அறை. பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டி, வேப்பமர நிழலில் இருக்கிறது. சிறுவர் நூல்களுக்கு ஓர் இரும்பு அலமாரி. அதன் ஒரு கதவைச் சற்றே தூக்கிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். கதை கேட்க வருபவர்கள் 6 முதல் 11 வயதுவரை உள்ள பிள்ளைகள். வழக்கமாக 15 பேராவது வருவார்கள். அந்த ஆண்டு கோடை விடுமுறை முடிந்தபோது 7 பேர்தான் மிஞ்சினார்கள். வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்தபின் நீதிக்கதையைச் சொல்லி ஒரு பிள்ளையைக்கூட உட்காரவைக்க முடியவில்லை. "டீச்சர், கடைசியில் அறிவுரை வருமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு எழுந்துபோன சிறுமி ஒருத்தி உண்டு.

பேய்கள்தான் அவர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தன. முதலில் வேதாளக் கதைகள். அடம்பிடிக்கும்போதெல்லாம் 'வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது' என்று அம்மாவிடம் வசவு வாங்கிய பிள்ளைகளுக்கு, அந்த வேதாளம் புதிர்போடுகிற கெட்டிக்காரப் பேய் என்பது பெரிய செய்தியாக இருந்தது. அடுத்துக் கலிங்கத்துப்பரணி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய போர் இலக்கியம் அது. பிள்ளைகளுக்கான நூல் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதில் வரும் பேய்கள் ஒட்டிய வயிற்றோடு காளியிடம் பசியை முறையிடுகிற இடத்தைப் பாருங்கள். மாயவித்தையில் தெரிகிற போர்க்களத்தை நிஜமென்று நம்பி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வெறுங்கையால் அள்ளி அள்ளி ஏமாறுகிற இடத்தைப் பாருங்கள். எந்தச் சித்திரக்கதைக்கும் அவை சளைத்தவை அல்ல. குருதியை விட்டுவிட்டுப் பசியையும் ஏமாற்றத்தையும் மட்டும் எடுத்துச் சொன்னேன். கடைசியில் பேய்கள் எல்லாம் கூழ் காய்ச்சப் பானை தேடிய கட்டத்தில் இரண்டு பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் தரையில் புரண்டார்கள்.

எட்டு வாரங்களில் 7 பேர் 19 பேர் ஆனார்கள்.

சூனியக்காரி வந்த சனிக்கிழமை

ஆடி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு மொழிபெயர்ப்புப் படக்கதையை எடுத்தேன். நகரத்து உறவினர் ஒருவர் நூலகத்துக்குக் கொடுத்த நன்கொடைப் புத்தகங்களில் அது இருந்தது. மந்திரம் போட்டால் ஒன்று நினைக்க ஒன்று நடக்கும், வெள்ளை மனம் படைத்த ஒரு சூனியக்காரி. அவளுக்கு ஒரு கறுப்புப் பூனை, ஒரு பெரிய சட்டி, பறக்கும் விளக்குமாறு. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இவை நம் நரியும் காக்கையும் போலப் பழகிப்போன சரக்கு. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் உள்ள சொல்லையே போட்டிருந்தார். நானும் யோசிக்காமல் அதையே உரக்க வாசித்தேன்.

வாசிப்பு அமோகமாகப் போனது. விளக்குமாற்றை எங்கள் பக்கம் வாரியல் என்பார்கள். "தென்னை ஈர்க்கு வாரியலா, புல் வாரியலா டீச்சர்? ஈர்க்கு என்றால் உட்கார்ந்தால் குத்துமே" என்று ஒருவன் கேட்டான். வாரியலைக் காலால் மிதித்தாலே வீட்டில் திட்டு விழும்போது, ஒருத்தி அதன்மேல் ஏறி உட்கார்ந்து போகிறாள் என்பதே அவர்களுக்குப் பாதி வேடிக்கை.

கதை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரி பாட்டுக் கட்டச் சொன்னேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கட்டினான்:

சூனியக்காரி சூப்பு வைத்தாள்,
சுண்டெலி வாலை உப்பில் வைத்தாள்.

மோனையும் இயைபும் தானாக வந்து விழுந்திருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் மூன்று முறை சேர்ந்து பாடவைத்தேன். அந்தக் கரும்பலகை வாசல் பார்த்து இருக்கும். அடுத்த சனிக்கிழமைவரை யாரும் அதை அழிக்கவில்லை.

கவனித்தவை

நூலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, வாய்க்கால் கரையில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. பனையோலையில் கொட்டானும் பெட்டியும் முடைந்து சந்தைக்குக் கொடுப்பார். கைக்குழந்தை விடாமல் அழுதால், கழுத்தில் உரம் விழுந்திருக்கிறது என்று அவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். பிள்ளையைச் சேலையில் கிடத்தி இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுப்பார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக் கண்ணேறும் கழிப்பார். அதில் மருத்துவம் உண்டா என்பது வேறு விவாதம். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் உருண்டவர்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

அவர் வீட்டில் ஒரு கறுப்புப் பூனை உண்டு. முற்றத்தில் ஓலை வேகவைத்துச் சாயம் ஏற்றுவதற்கு ஒரு பெரிய சட்டியும் உண்டு.

மூன்றாம் வாரம் அந்தப் பாட்டு ஆச்சி வீட்டுப் படலுக்கு வெளியே கேட்டது. நான்காம் வாரம் மூன்று பையன்கள் புறவாசலில் சார்த்தியிருந்த அவருடைய வாரியலை எடுத்துக்கொண்டு ஓடி, வாய்க்கால் மதகில் ஏறிப் பறந்து பார்த்தார்கள். ஒருவனுக்கு முழங்கால் சிராய்ப்பு. எனக்கு இது தெரிந்ததே அந்தச் சிராய்ப்பால்தான். எதனால் என்று கேட்டபோது பாட்டுக் கட்டிய பையன் மிகத் தெளிவாகச் சொன்னான்: "புத்தகத்தில் இருக்கிற எல்லாமே அங்கே இருக்கிறது டீச்சர். பூனை இருக்கிறது, சட்டி இருக்கிறது, பல்லும் போயிருக்கிறது. அவர்களுக்குச் சரியாகப் பறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

படித்ததை உலகத்தோடு ஒப்பிட்டுப் பார் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அவன் சொன்னபடி செய்திருக்கிறான். அவன் குரலில் கேலிகூட இல்லை. ஒரு கண்டுபிடிப்பாளனின் பெருமிதம்தான் இருந்தது.

இதுவரை நடந்தது பிள்ளை விளையாட்டு. இதன் பிறகு பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். ஆவணி முதல் வாரம் அதே பையன் வீட்டுப் பசு கன்று ஈன்றது; கன்று இறந்தே பிறந்தது. முந்தைய நாள் ஆச்சி தொழுவத்தில் எட்டிப் பார்த்து, "நாள் நெருங்கிவிட்டது போலிருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பையனின் அம்மா குழாயடியில் சொன்னது என் காதுக்கு வந்தது: "பிள்ளை வாயில் சும்மா வருமா? இத்தனை நாளாய் நமக்குத்தான் தெரியவில்லை."

அவருடைய கைக்குழந்தைக்குப் பத்து நாள் முன்புதான் ஆச்சி உரம் எடுத்திருந்தார்.

முதல் முடிவு

குழாயடிப் பேச்சு வந்து சேர்ந்த அன்றே சனிக்கிழமை. நான் பதறிவிட்டேன். பிள்ளைகள் உட்கார்ந்ததும், "சூனியக்காரி என்று உலகத்தில் யாரும் கிடையாது. வாய்க்கால் கரை ஆச்சியை இனி யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

வந்திருந்த 17 பேரில் 5 அல்லது 6 பேருக்குத்தான் அதுவரை அந்த விளையாட்டே தெரியும். மற்றவர்களுக்கு நான் அறிவித்துவிட்டேன். ஒரு சிறுமி பக்கத்திலிருந்தவளிடம் "எந்த ஆச்சி?" என்று கேட்டதும், அவள் கையை நீட்டித் திசை காட்டியதும் என் கண் முன்னாலேயே நடந்தது. வாயிலிருந்து போன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அன்று அந்த ஆச்சியின் பெயரையே எடுத்திருக்கக் கூடாது. பாட்டு மறையட்டும் என்று வேறொரு நல்ல பாட்டைக் கையில் கொடுத்திருந்தால் போதும்.

ஆச்சி நூலகத்துக்கு வந்த நாள்

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். நூலகர் செய்தித்தாள்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு புத்தகம் மாற்றப் போயிருந்தேன். ஆச்சி வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நூலகத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் முறை.

"என்னைப் பற்றி ஏதோ புத்தகத்தில் எழுதியிருக்கிறதாமே. எனக்கு எழுத்துத் தெரியாது. வாசித்துக் காட்டு" என்றார்.

நூலகர் என்னைப் பார்த்தார். அது உங்களைப் பற்றியது இல்லை ஆச்சி, வெளிநாட்டுக் கதை, என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். "அதைத்தான் வாசி என்கிறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வாசித்தேன். படங்களைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மந்திரம் தவறி, வாரியல் தானாகக் கிளம்பித் தெருவெல்லாம் பெருக்குகிற இடத்தில் மெல்லச் சிரித்தார். "அது நல்ல வாரியலாக இருக்கிறதே" என்றார். நடுவில் நிறுத்திக் கேட்டார்: "இவள் தனியாகவா இருக்கிறாள்?" ஆமாம் என்றேன். "ரேஷன் எல்லாம் யார் வாங்கி வருவார்கள்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கதை முடிந்ததும் புத்தகத்தை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதில் யாரும் இவளை ஒன்றும் செய்யவில்லையே" என்றார்.

"இல்லை ஆச்சி. எல்லாருக்கும் இவளைப் பிடிக்கும்."

"அது அந்த ஊர்" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பையன்களைப் பற்றியோ குழாயடிப் பேச்சைப் பற்றியோ ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நாங்கள் விவாதித்தது

அந்த வாரமே நூலகர், வாசகர் வட்டத் தலைவர், எனக்குத் துணையாக வரும் கல்லூரி மாணவி, நான் ஆகிய நான்கு பேரும் உட்கார்ந்தோம். வாசகர் வட்டத் தலைவர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். பேய், பிசாசு, மந்திரம் எதுவும் சிறுவர் அலமாரியில் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மாணவி, பேயும் சூனியமும் பொய் என்று அறிவியல் நிகழ்ச்சி ஒன்று நடத்தலாம் என்றாள். பிறகு அவளே, நவம்பர் 14ஆம் தேதி குழந்தைகள் தின நாடகத்தில் ஆச்சியையே 'நல்ல சூனியக்காரி'யாக நடிக்கவைத்தால் பிள்ளைகளுக்கு அவர்மேல் பாசம் வந்துவிடும் என்றும் சொன்னாள்.

நாடக யோசனையை நான் உடனே மறுத்தேன். நல்ல என்ற அடைமொழி நாடகத்தோடு போய்விடும். அடுத்த சொல் தெருவில் நிலைத்துவிடும். பேய்க் கதைகளை நீக்கவும் உடன்படவில்லை. ஏன் என்று அன்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "பேய் யாரையும் ஒன்றும் செய்யவில்லையே" என்று மட்டும் சொன்னேன். ஊரில் ஆண்டுதோறும் சுடலைமாடனுக்குக் கொடை எடுக்கிறார்கள். பேயே கிடையாது என்று கூட்டம் போட்டால் விவாதம் சாமி பக்கம் திரும்பும். ஆச்சி அப்படியே நிற்பார். அதனால் அறிவியல் நிகழ்ச்சியையும் அப்போதைக்குத் தள்ளிவைத்தோம். இப்போதும் அந்த முடிவில் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

பிறகு பல நாள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் படித்தும் பார்த்தேன். சிரிப்புச் சூனியக்காரி ஐரோப்பியப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு வந்தது எப்போது? ஜெர்மன் எழுத்தாளர் ஓட்ஃபிரீட் புரோய்ஸ்லர், 127 வயதான ஒரு 'குட்டிச் சூனியக்காரி'யை எழுதியது 1957இல். அந்தப் பக்கத்தில் சூனியக்காரி என்று பழிசுமத்திக் கொல்லப்பட்ட கடைசிப் பெண்களில் ஒருவரான அன்னா கோல்டி, சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் தலை வெட்டப்பட்டது 1782இல். இரண்டுக்கும் நடுவே 175 ஆண்டுகள். பயம் செத்து, அதன்மேல் புல் முளைத்த பிறகுதான் அங்கே சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகும் 2008வரை காத்திருந்துதான் அன்னா குற்றமற்றவர் என்று அந்த மாநிலமே அறிவித்தது.

இங்கே நிலைமை வேறு. பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் சத்தீஸ்கர் 2005இலும் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அந்த அளவுக்கு எதுவும் நடந்ததில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கள் ஊரிலும் உயிரோடுதான் இருக்கிறது. செய்வினை, வைப்பு, மருந்து வைத்தல் என்ற பேச்செல்லாம் யாராவது ஒரு பெண்ணின் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். நம் கதைகளில் மந்திரவாதி ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்துக்கொண்டு இருப்பான். அவனை யாரும் பக்கத்துத் தெருவில் தேடுவதில்லை. சூனியக்காரியைத் தேட யாரும் ஊரைத் தாண்டுவதில்லை.

பேயின் கதை இப்படி அல்ல. பேயைப் பார்த்துச் சிரித்துப் பழகிய மொழி இது. செயங்கொண்டாரின் பேய்களைச் சொன்னேன். காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டு பாடியிருக்கிறார். அந்த வடிவத்தோடு தலையால் நடந்து கயிலைக்குப் போனவரைச் சிவபெருமான் 'அம்மையே' என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பேய்க்குக் கால் கிடையாது, நிழல் கிடையாது என்கிறார்கள். முகவரியும் கிடையாது என்று நான் சேர்த்துக்கொள்வேன். பேயைக் கேலிசெய்தால் எந்த வீட்டுக் கதவின் மீதும் கல் விழாது.

எடுத்த முடிவுகள்

அந்தப் புத்தகத்தை நூலகர் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அலமாரியில் வேண்டாம், தடைசெய்ததாக அறிவிப்பும் வேண்டாம். தடை என்று தெரிந்தால் அதுவே சான்றாகிவிடும் என்று அவர் சொன்னது சரியாகப்பட்டது.

பேய்க் கதை தொடரும். ஆனால் இனிப் பிள்ளைகள் தாங்களே ஒரு பேயை உருவாக்குவார்கள். அதற்கு ஒரே நிபந்தனை: அந்தப் பேய் ஊரில் எவர் வீட்டிலும் குடியிருக்கக் கூடாது.

மூன்றாவது, ஆச்சியிடம் போய்ப் பனையோலைக் கைவேலை சொல்லித்தரக் கேட்பது. ஆச்சிக்கு நன்மை செய்கிறோம் என்ற தோரணை வரக் கூடாது என்பதில் நூலகர் பிடிவாதமாக இருந்தார். "ஓலைக்கும் கூலிக்கும் காசு பேசுங்கள். அது இல்லாமல் கூப்பிடாதீர்கள்" என்றார்.

பேய் குடிபோன கதை

பிள்ளைகள் முதலில் பேயை ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் குடிவைத்தார்கள். இருட்டுக்குப் பயப்படுகிற குட்டிப் பேய். தொட்டி நிரம்பும்போது மூச்சுத் திணறும் என்று படியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் தொட்டி இயக்குபவர் நூலக வாசலில் வந்து நின்றார். "தண்ணீரில் பேய் என்று ஒரு வீட்டில் குடிக்காமல் விட்டால் என்னைத்தானே கேட்பார்கள்?" அவர் கேட்டது நியாயம்தான். பேய்க்கு முகவரி கிடையாது என்று நான் நினைத்ததும் முழுக்கச் சரியில்லை. கவனிக்காவிட்டால் பேய்க்கும் ஒரு முகவரி ஒட்டிக்கொள்ளும்.

பேயைக் காலி செய்யவைத்தோம். எங்கே போகும் என்று ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. கடைசியில் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிற ஓர் இடம் கிடைத்தது: இரவு கடைசி டவுன் பஸ். அடுத்த சிக்கல் டிக்கெட். பேய் எட்டு வயதில் செத்தது. செத்து நூறு வருடம் ஆகிறது. அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா? ஆண் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட்டார்கள். அறிவுரை வருமா என்று கேட்டுவிட்டு எழுந்துபோவாளே, அந்தச் சிறுமி நிதானமாகச் சொன்னாள்: "பெண் பேய் என்று வைத்துக்கொண்டால் டிக்கெட்டே வேண்டாமே." டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த நிமிடம் பேய் பெண்ணாகிவிட்டது. முன்பு சேர்த்த மீசையை ரப்பரால் அழித்தார்கள்.

ரேஷன் கடைக்கும் அந்தப் பேய் போனது. கைரேகை இயந்திரத்தில் விரல் வைத்தால் விரல் உள்ளே போய்விடுகிறது, ரேகை விழவில்லை, அரிசி கிடைக்கவில்லை. இதைக் கட்டியவன் சூப்புப் பாட்டுக் கட்டிய அதே பையன். அவன் வீட்டில் தாத்தாவுக்கு ரேகை விழாமல் இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஆச்சி கேட்ட கேள்வி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

தொடர்ந்து நடந்தவை

ஆச்சி முதல் தடவை வர மறுத்தார். கார்த்திகை தொடக்கத்தில் இன்னொரு முறை கேட்டபோது, "ஓலை பச்சையாக வேண்டும், யாராவது வெட்டிக் கொண்டு வந்து போடுங்கள்" என்றார். இரண்டு சனிக்கிழமைகள் வந்தார். ஓலைக்கும் கூலிக்குமாக வாசகர் வட்டப் பணத்தில் 300 ரூபாய் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார். சிறு கூழாங்கல்லை உள்ளே வைத்துக் கிலுகிலுப்பை முடையச் சொல்லிக் கொடுத்தார். ஓலையை எப்படி நகத்தால் கீறி, ஈர்க்கை உருவி, ஒரே அகலத்தில் வகிர்வது என்பதற்கே முதல் மாலை சரியாகப் போய்விட்டது. விரல் பழகாத பிள்ளைகளை அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பிரித்துவிட்டுத் திரும்பக் கையில் கொடுத்தார். நான் தடுமாறியபோது மட்டும், "தைக்கிறவள் கை இப்படியா இருக்கும்?" என்றார். பிள்ளைகளுக்கு அதில் பரம சந்தோஷம்.

அந்தப் பையன் முதல் வாரம் அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். இரண்டாம் வாரம் தங்கச்சிக்கு ஒரு கிலுகிலுப்பை வேண்டும் என்று ஆச்சியிடமே கேட்டான். அவர் முடைந்து கொடுத்தார். அவனுடைய அம்மா அதை வீட்டுக்குள் விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அவன் அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பாட்டு மார்கழிக்குள் அடங்கிவிட்டது. படலுக்கு வெளியே நின்று யாரும் கத்துவதில்லை. பூனைக்கு ஒரு பிள்ளை மீன் தலை கொண்டுபோய்ப் போடுகிறாள். ஆனால் பெரியவர்கள் பக்கம் கணக்கு வேறு. அந்த ஒரு வீடும் அதை ஒட்டிய இரண்டு வீடுகளும் ஆச்சியிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆச்சியும் உரம் எடுப்பதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு முன்பு வெளியூரிலிருந்து ஒரு பெண் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அனுப்பிவிட்டாராம். ஒரு வகையில் அது நல்லதுதான். ஆனால் காரணம் கேட்டபோது அவர் என்னிடம் சொன்னது: "இனி எந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனாலும் அது என் தலையில்தான் வந்து விழும்."

மறுபடி செய்தால்

கதையை வாசிக்கும் முன், அதில் வரும் ஆளுக்குரிய அடையாளங்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஊரை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவருவேன். தனிமை, முதுமை, பூனை, பொக்கை வாய். இவை யாருக்காவது அப்படியே பொருந்தினால் அந்தக் கதையை அந்த ஊரில் வாசிக்க மாட்டேன். அதே கதையை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசிக்கத் தயக்கம் இருக்காது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சூனியக்காரி என்ற சொல்லை அகராதிப் பொருளுக்காக எடுக்காதீர்கள். மாயக்காரி, மந்திரப் பாட்டி என்றெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். பாட்டி என்று வந்த உடனே மறுபடி ஒரு முகவரி வந்துவிடுகிறது. மந்திரம் தெரிந்த ஒரு சின்னப் பெண்ணாகவோ, பூனையையே மந்திரவாதியாகவோ மாற்ற மூல ஆசிரியர் ஒப்புவாரா என்பது அவர்கள் பாடு.

பையனின் அம்மாவிடம் அந்த முதல் வாரத்திலேயே போயிருப்பேன். கன்று செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போவது போலப் போய், ஆச்சியின் பேச்சையே எடுக்காமல், கால்நடை மருத்துவரை ஒரு தடவை கூட்டி வந்து பசுவைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளைத் திருத்துவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

புத்தகம் இன்னும் நூலகரின் இழுப்பறையில்தான் இருக்கிறது. அவர் வரும் ஆனியில் ஓய்வு பெறுகிறார். அடுத்து வருபவர் இழுப்பறையைத் திறந்து, இது ஏன் இங்கே கிடக்கிறது என்று அலமாரியில் வைத்துவிடுவார். அதற்குள் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறார். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஆச்சி யார் என்று தெரிந்துவிடுகிறது.